பெயரின் விலை

சென்ற ஆண்டு ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் ஓதிய மாணவனொருவனின் தகப்பனார் ஒரு காகிதக் கட்டுடன் வந்து சலாம் உரைத்தார். மகனின் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒரு பெயர், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் மற்றொரு பெயர். உண்மையில் மூன்றும் ஒரே பெயர்தான். ஒன்றில் 'முஹம்மது', இன்னொன்றில் 'முகமது', மூன்றாவதிலோ அப்பெரும் பெயர் 'எம்.டி.' என்று இரண்டெழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது.

"அரசிதழில் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டுமாம், ஹஜ்ரத். விண்ணப்பம், சான்றொப்பம், கட்டணம், அலைச்சல்! என் வாப்பா ஆசையோடு வைத்த பேரைத் திரும்ப வாங்க நான் காசு கட்ட வேண்டியிருக்கிறதே" என்று அவர் மனம் நொந்தார்.

எனக்குத் தெரிந்த வழியைச் சொல்லி அவரை அனுப்பினேன். ஆயினும் அவருடைய வருத்தம் என்னை விடவில்லை. ஒரு காசும் கட்டணம் வாங்காமல், யாரும் கேளாமலேயே, ஒரே குளிர்காலத்தில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் பெயரை மாற்றிக் கொடுத்த ஓர் அரசின் வரலாறு நினைவுக்கு வந்தது. பல்கேரிய நாட்டில், 1984 டிசம்பரில் தொடங்கி 1985ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நடந்து முடிந்த நிகழ்ச்சி அது. நம்மவருள் மூத்தோர் சிலர் செய்தித்தாள்களில் படித்திருக்கக் கூடும். இளையோர் பெரும்பாலும் அறியார்.

அவ்வரலாற்றுள் புகுமுன் ஒரு சொல்லாராய்ச்சி. ஓதிக்கொடுப்பவனின் பழக்கம், வாசகர்கள் பொறுத்தருள்க. பெயரை அரபியில் 'இஸ்ம்' என்பர். இச்சொல்லின் வேர் யாது என்பதில் பஸ்ரா இலக்கணவாணர்க்கும் கூஃபா இலக்கணவாணர்க்கும் பழைய வழக்கொன்று உண்டு. உயர்வைக் குறிக்கும் 'ஸுமுவ்வு' என்பதிலிருந்து பிறந்தது என்பது பஸ்ராவார் கட்சி. அடையாளக் குறியை, சூட்டுக்கோலால் இடும் தழும்பைக் குறிக்கும் 'வஸ்ம்' என்பதிலிருந்து பிறந்தது என்பது கூஃபாவார் கட்சி. பாடம் நடத்துங்கால் பஸ்ராவார் பக்கமே நியாயம் என்று நாங்கள் சொல்லிக் கடந்துவிடுவோம். ஓர் அரசாங்கம் கூஃபாவார் கட்சியில் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைப் பல்கேரியாவில் காணலாம்.

பெயர் மாற்றம் மார்க்கத்துக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர் பலரின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். 'மாறு செய்பவள்' எனப் பொருள்படும் ஆஸியா என்னும் பெயருடைய பெண்மணியை ஜமீலா ஆக்கினார்கள். ஆனால் ஸஹீஹுல் புகாரியில் வரும் மற்றொரு நிகழ்ச்சியையும் நாம் மறக்கலாகாது. மதீனாவின் பேரறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யிப் அவர்களின் பாட்டனார் பெயர் ஹஸ்ன். கரடுமுரடான நிலம் என்பது பொருள். சமநிலம், எளிமை எனப் பொருள்படும் ஸஹ்ல் என்று வைத்துக்கொள்ளுமாறு பெருமானார் அவருக்குக் கூறினார்கள். தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். மறுத்தவரைப் பெருமானார் வற்புறுத்தவில்லை. அந்தக் கரடுமுரடு தம் குடும்பத்தாரிடம் அதன்பின் நீங்காமலேயே இருந்தது என்று பேரர் சொல்லியதாக வரலாறு. அவர் வருந்திச் சொல்லியிருக்கலாம். எனினும் ஹஸ்ன் இறுதிவரை ஹஸ்னாகவே வாழ்ந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அல்லாஹ்வின் தூதரே விரும்பிச் சொன்ன பெயரைக்கூட வேண்டாமென்று சொல்ல ஒரு மனிதருக்கு அங்கே இடம் இருந்தது.

இனி பல்கேரியா. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் உஸ்மானியப் பேரரசின் கீழிருந்த அந்நாடு 1878ஆம் ஆண்டு பெர்லின் உடன்படிக்கையினால் தனிச் சிற்றரசாயிற்று. ஆட்சி போனாலும் மக்கள் போய்விடவில்லை. வடகிழக்கிலும், தெற்கே கர்ஜாலி வட்டாரத்திலும் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் நிலைத்திருந்தனர். ரொடோப்பி மலைப் பகுதியில் பல்கேரிய மொழியையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்ந்தனர். இவர்களைப் பொமாக்கியர் என்பர். பெயர் பறிக்கும் வேலை முதலில் இந்த மலைவாசிகளிடமே தொடங்கிற்று.

1912, 1913ஆம் ஆண்டுகளில் நடந்த பால்கன் போரின்போது படைகளும் பாதிரிமாரும் பொமாக்கிய ஊர்களுக்குள் நுழைந்து மக்களுக்கு ஞானஸ்நானம் செய்வித்துக் கிறித்தவப் பெயர்களைச் சூட்டினர். விரைவிலேயே ஆட்சி மாறியது, பெயர்கள் திரும்பின. 1942இல் ஒரு சட்டமியற்றி மீண்டும் மாற்றினர். போர் முடிவில் வந்த புதிய ஆட்சி அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த அதே பொதுவுடைமை ஆட்சி இருபது ஆண்டுகளுக்குள் தானே பறிக்கப் புறப்பட்டது. 1964இல் ரிப்னோவோ என்னும் மலையூரார் திரண்டு எதிர்க்கவே அதிகாரிகள் அப்போதைக்குப் பின்வாங்கினர். 1970 முதல் 1974 வரை ஊர் ஊராக மறுபடி வந்தனர். கோர்னிட்ஸா ஊரார் 1973ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஊர்ச் சதுக்கத்திலேயே இரவும் பகலும் காவலிருந்தனர். மார்ச் 28ஆம் நாள் வைகறையில் ஆயுதக் காவலர் பாய்ந்தனர், உயிர்கள் போயின, பெயர்களும் போயின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1905இல் ரொடோப்பி மலையில் பிறந்த ஒருவர் 1990 வரை உயிரோடிருந்தால், தம் ஒரே ஆயுளில் மூன்று முறை பெயரை இழந்து மூன்று முறை திரும்பப் பெற்றிருப்பார். நடுவில் அவர் மாறவேயில்லை. மாறியதெல்லாம் பதிவேடு.

மலைவாசிகளிடம் பழகிய கை பின்னர்த் துருக்கியர்பால் நீண்டது. நாற்பதாண்டுக் காலம் பொதுவுடைமைக் கட்சி ஆண்ட அந்நாட்டில் அப்போது தலைவர் தோதர் ஷிவ்கோவ். துருக்கியர் என்று எவரும் பல்கேரியாவில் இலர். உஸ்மானியர் காலத்தில் மதம் மாறிய பல்கேரியரின் வழித்தோன்றல்களே இவர்கள். ஆகவே இவர்களுடைய பெயரை மாற்றவில்லை, மூதாதையர் பெயரை மீட்டுத் தருகிறோம் என்றது அரசு. 'மறுமலர்ச்சிச் செயல்முறை' என்று அதற்கு அழகிய பெயரும் சூட்டிற்று! பெயர் பறிக்கும் வேலைக்குப் பெயர் வைப்பதில்தான் எத்தனை கவனம்.

செய்த முறை இது. பனி மூடிய விடியற்காலையில் காவலர்களும் படையினரும் கவச வண்டிகளுடன் ஊரைச் சூழ்ந்துகொள்வர். தொலைபேசி துண்டிக்கப்படும், சாலை அடைபடும். ஊராட்சி அலுவலகத்துக்கு மக்களை அழைத்து வருவர், அல்லது வீடு வீடாகச் செல்வர். மேசைமீது இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று, தேர்ந்துகொள்ளத்தக்க பல்கேரியப் பெயர்களின் பட்டியல். மற்றொன்று, தம் சொந்த விருப்பத்தால் பெயரை மாற்றித் தருமாறு வேண்டும் விண்ணப்பம். துப்பாக்கி ஏந்தியவன் அருகே நிற்கையில் 'சொந்த விருப்பம்' என்னும் சொல்லின் கீழ்க் கையொப்பமிட வேண்டும். தேர்ந்தெடுக்க மறுத்தவர்க்கு அதிகாரியே ஒன்றை எழுதிக் கொடுப்பார். முதலெழுத்தையாவது காத்துக்கொள்ளலாம் என்று பலர் பழைய பெயரின் ஓசைக்கு நெருங்கியதைத் தேடினர். பிறகு புதிய அடையாளச் சீட்டு வரும். அது இல்லாதவர்க்குச் சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை, வங்கியிலுள்ள சொந்தப் பணமும் இல்லை. படிப்புச் சான்று, திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு யாவும் மாற்றி எழுதப்பட்டன.

இங்கே அந்நாட்டுப் பெயரமைப்பைச் சற்று விளக்க வேண்டும். பல்கேரியச் சட்டப்படி ஒருவர் பெயர் மூன்றடுக்குடையது: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். பின்னிரண்டின் இறுதியிலும் 'ஓவ்', 'எவ்' என்னும் விகுதி வரும். ஹஸன் அஹ்மதோவ் மெஹ்மதோவ் என ஒருவர் இருந்தார் எனக் கொள்வோம். அவரை அஸென் என்று மாற்றினால் மட்டும் போதாது. நடுவில் அஹ்மத் நிற்கிறாரே! ஆதலால் தந்தை பெயரும் மாற வேண்டும். தந்தை இறந்திருந்தால்? இறந்தவர் பெயரையும் பதிவேட்டில் மாற்றினார்கள். வாழ்நாளெல்லாம் அஹ்மதாக இருந்து, அஹ்மதாகக் கபுரில் அடங்கியவர், மண்ணுக்குள் கிடந்தபடியே வேறொருவர் ஆனார். கபுருகளின் மீதிருந்த கற்கள் சிதைக்கப்பட்டன. இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் மனம் நின்றுவிடும் இடம் இதுவே. உயிரோடிருப்பவர் அஞ்சிக் கையொப்பமிட்டார் என்றாவது சொல்லலாம். இறந்தவரிடம் எந்த விண்ணப்பத்தில் ஒப்பம் வாங்கினார்கள்?

எதிர்ப்பு எழாமலில்லை. 1984 டிசம்பர் 26ஆம் நாள் கர்ஜாலி வட்டாரத்தில் மொகில்யானே என்னும் சிற்றூரில் மக்கள் திரண்டபோது படையினர் சுட்டனர். தாயின் அணைப்பிலிருந்த துர்கான் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. கூட்டத்தில் மற்றவரும் மாண்டனர். அடுத்த ஜனவரியில் யப்லானோவோ ஊரார் சாலையை மறித்து நாள்கணக்கில் எதிர்த்து நின்று, கவச வண்டிகளால் நசுக்கப்பட்டனர். இணங்காதார் பலரை டான்யூப் ஆற்றின் நடுவேயுள்ள பெலெனே தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தனர். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 1986இல் வெளியிட்ட அறிக்கை சிறைப்பட்டோரைப் பற்றி உலகுக்குக் கூறிற்று. ஜனவரி நடுப்பகுதிக்குள் மூன்று இலட்சத்துக்கு மேல், குளிர் நீங்குவதற்குள் எட்டு இலட்சத்துக்கு மேல் எனப் பெயர்கள் மாறின. அதன்பின் பொதுவிடத்தில் துருக்கி மொழி பேசியவர்க்கு அபராதம்; கத்னா செய்வித்த பெற்றோர்க்குத் தண்டனை; ஜனாஸாக் கடமைகளுக்கும் தடை.

அந்த எட்டு இலட்சத்துள் ஒருவர் நயீம். கர்ஜாலி அருகே பிதிச்சார் ஊரில் 1967இல் பிறந்த பளு தூக்கும் வீரர், உருவத்திற் சிறியவர், பதினாறு வயதிலேயே தம் எடையைப்போல் மும்மடங்கைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டியவர். நயீம் சுலைமானோவ் என்றிருந்த அவரை 'நவூம் ஷலமானோவ்' ஆக்கிற்று அரசு. 1986 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்குச் சென்ற இடத்தில் காவலர் கண்ணைத் தப்பி மறைந்தார். துருக்கித் தூதரகத்தை அடைந்து, அந்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நயீம் சுலைமானோக்லு ஆனார். 'ஓக்லு' என்றால் மகன். அரபியில் 'இப்னு' எப்படியோ அப்படி.

விலையைப் பற்றிப் பேச இங்கேதான் இடம். நாடு மாறிய வீரர் உடனே புதிய நாட்டின் சார்பில் ஒலிம்பிக்கில் இறங்க முடியாது. பழைய நாடு இசைந்தால் காத்திருப்பு நீங்கும். பல்கேரியா அந்த இசைவுக்கு விலை கேட்டது. துருக்கி பத்து இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. 1988 செப்டம்பரில் ஸியோல் நகரில், அறுபது கிலோ எடைப் பிரிவில், நயீம் ஒரு தூக்கில் 152.5 கிலோவும் மற்றொன்றில் 190 கிலோவும், ஆக 342.5 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 1992இலும் 1996இலும் மீண்டும் வென்றார். 2017 நவம்பர் 18ஆம் நாள், ஐம்பது வயதில், நயீமாகவே இறையடி சேர்ந்தார். எட்டு இலட்சம் பேரில் ஒருவர் பெயருக்கு மட்டும் இவ்வாறு டாலர்க் கணக்கில் விலை தெரிய வந்தது. மற்றவர்க்கு அவ்வளவு தோள்வலி இல்லை.

நடுநிலை தவறலாகாது என்பதற்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நயீமை அரவணைத்த துருக்கியும் பெயர் விஷயத்தில் கை சுத்தமான நாடன்று. 1934ஆம் ஆண்டு அங்கே இயற்றப்பட்ட குடும்பப் பெயர்ச் சட்டம் ஒவ்வொரு குடும்பமும் துருக்கி மொழியில் ஒரு குடும்பப் பெயர் கொள்ள வேண்டுமென விதித்தது. ஆர்மீனியரின் 'யன்', ஸ்லாவியரின் 'ஓஃப்' ஆகிய விகுதிகள் விலக்கப்பட்டன. உஸ்மானியர் வழங்கிய 'ஸாதே'யும், நம் அரபிய மரபின் 'பின்'னும் அந்த விலக்குப் பட்டியலில் இருந்தன. துருக்கியல்லாத மொழியினர் தத்தம் மொழியில் பெயர்கொள்ள வழி அடைபட்டது. அங்கே கவச வண்டி வரவில்லை என்பது உண்மை. ஆனால் குடிமகன் பெயரைக் குடிமகனைக் காட்டிலும் அரசே நன்கறியும் என்னும் செருக்கு இரு நாட்டுக்கும் பொது. நம்மவர் செய்ததாயின் கண்ணை மூடிக்கொள்வது வரலாறு எழுதுபவனுக்கு அழகன்று.

1989 மே மாதம் பல்கேரிய முஸ்லிம்கள் மீண்டும் கிளர்ந்தனர். உண்ணாநோன்பும் ஊர்வலங்களும் நடந்தன. அம்மாத இறுதியில் ஷிவ்கோவ் தொலைக்காட்சியில் தோன்றி, துருக்கி எல்லையைத் திறக்கட்டும் என்று அறைகூவினார். எல்லை திறந்தது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர், கையில் சுற்றுலாக் கடவுச்சீட்டுடன், வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினர். கடவுச்சீட்டு சுற்றுலாவுக்கானது ஆகையால் அதற்குப் 'பெரும் உல்லாசப் பயணம்' என்று அங்குள்ளோர் கசப்புடன் பெயரிட்டனர். எல்லையில் காட்டிய சீட்டில் இருந்ததும் திணிக்கப்பட்ட பெயரே. ஆகஸ்டு பிற்பகுதியில் துருக்கி எல்லையை மூடிற்று. அவர்களுள் கணிசமானோர் பின்னர்த் திரும்பியும் வந்தனர். நவம்பர் 10ஆம் நாள் ஷிவ்கோவ் பதவியிழந்தார். டிசம்பர் 29ஆம் நாள் கட்சியே கூடிப் பெயர்களைத் திருப்பித் தருவதென்று முடிவு செய்தது. அதனை எதிர்த்தும் ஊர்வலங்கள் நடந்தன என்பது வேறு.

திருப்பித் தருவதென்றால் எப்படி? என் மாணவனின் தகப்பனார் கேட்ட வினா இங்கே வந்து சேருகிறது. பறித்தபோது நீதிமன்றம் இல்லை. ஓர் ஊருக்கு ஒரு நாள் போதுமாயிற்று. 1990 மார்ச்சில் இயற்றிய சட்டமோ, பெயரிழந்த ஒவ்வொருவரும் தனித்தனியே நீதிமன்றத்தில் மனுச்செய்து, தீர்ப்புப் பெற்று, அதன்பின் பதிவேட்டைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்றது. ஒரே ஆணையால், அன்று மாற்றியதெல்லாம் இன்று செல்லாது என்று எழுதிவிட அரசுக்குக் கை வரவில்லை. திருடன் களவுப் பொருளைத் தெருவில் குவித்துவிட்டு, உடையவன் ஒவ்வொருவனும் வழக்காடிப் பெற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? வயது முதிர்ந்தோர், எழுத்தறியாதோர், நகரிலிருந்து தொலைவில் மலையடிவாரத்தில் புகையிலை பயிரிட்டு வாழ்ந்தோர் எல்லோரும் நீதிமன்ற வாயிலில் நிற்கலாயினர். குறை எழவே, அவ்வாண்டு நவம்பரில் சட்டத்தைத் திருத்தினர். உள்ளூராட்சியில் எழுத்து மூலம் விண்ணப்பித்தால் போதும் என்றாயிற்று. 1991ஆம் ஆண்டின் முற்பகுதிக்குள் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் தம் பெயரை மீட்டனர்.

மீட்காதாரும் உண்டு. நாட்டைவிட்டே போய்விட்டவர் சிலர். அலைச்சலுக்கு அஞ்சியவர் சிலர். பல்கேரியப் பெயர் இருந்தால் வேலை எளிதிற் கிடைக்கிறது என்று இரு பெயருடன் வாழப் பழகிவிட்டவர், குறிப்பாகப் பொமாக்கியரில், பலர். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஹஸ்னை வற்புறுத்தாத வழியில் வந்தவர்கள் நாம். விரும்பி வைத்துக்கொண்டவரையும் வற்புறுத்த நமக்கு உரிமையில்லை.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை இவ்விடத்தில் நினைக்கிறேன். வளர்ப்பு மகனாக ஸைத் இப்னு முஹம்மது என்று அழைக்கப்பட்டவரை, பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டுமென இறைக்கட்டளை வந்தது. முஹம்மதின் மகன் என்னும் பெயரைவிட உயர்ந்த பெயர் எங்கே கிடைக்கும்? அப்படியிருந்தும் ஹாரிஸாவின் பெயர் ஹாரிஸாவுக்குத் திரும்பிற்று. அதற்காக ஸைத் எங்கும் மனுச்செய்யவில்லை. யாருக்கும் கட்டணம் செலுத்தவில்லை.

பல்கேரிய நாடாளுமன்றம் 2012 ஜனவரி 11ஆம் நாள் இக்கொடுமையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1989ஆம் ஆண்டு வெளியேற்றத்தை இனச் சுத்திகரிப்பு என்றே அத்தீர்மானம் குறிப்பிட்டது. பெயர் பறித்தோர்மீது 1991இல் தொடங்கிய வழக்கோ தீர்ப்பைக் காணவில்லை. ஷிவ்கோவ் 1998இல் தம் சொந்தப் பெயருடனேயே இறந்தார். மொகில்யானே ஊரில் ஒரு நீரூற்று உள்ளது. 'துர்கான் நீரூற்று' என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் டிசம்பர் 26ஆம் நாள் மக்கள் அங்கே கூடுகிறார்கள்.

பெயரை மீட்டவர்க்கும் வேலை முடியவில்லை. ஹஸனாகப் பிறந்து, ஹஸனாகத் தொழிற்சாலையில் சேர்ந்து, அஸெனாகச் சில ஆண்டுகள் உழைத்து, மீண்டும் ஹஸனாகி ஓய்வு பெறுபவர், இந்த உழைப்பெல்லாம் ஒரே மனிதனுடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். துருக்கிக்குக் குடிபெயர்ந்தவராயின் அங்கே கொண்ட குடும்பப் பெயரும் சேர்ந்துகொள்ளும். இதற்கென்றே அங்குள்ள ஊராட்சிகள் ஒரு சான்று வழங்குகின்றன. கீழ்க்கண்ட பல பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பது அதன் வாசகத்தின் சாரம். நாற்பதாண்டு கடந்தும் முதியோர் அச்சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகங்களுக்குச் செல்கிறார்கள்.

மாணவனின் தகப்பனார் சென்ற மாதம் அரசிதழின் படியொன்றைக் கொண்டுவந்து காட்டினார். பையனின் பெயர் முழுமையாக, 'முஹம்மது' என்று, ஓரெழுத்தும் குறையாமல் அச்சாகியிருந்தது. எவ்வளவு செலவாயிற்று என்று நான் கேட்கவில்லை.